ஒன்பதாயிரம் பேர் வருகிறார்கள், ஒரு மெஷினும் வரவில்லை

கேள்வி:

வணக்கம் அண்ணா. புறக்கோட்டையில் அப்பா முப்பது வருடத்துக்கு மேலாகத் தையல் மெஷின் திருத்தும் கடை வைத்திருக்கிறார். போன வருடம் கடைக்கு ஓர் இணையத்தளம் செய்வித்தோம். செய்து தந்த நிறுவனமே மாதம் நாலு கட்டுரை எழுதிப் போடுகிறது. அதற்கு மாதாமாதம் காசு கட்டுகிறோம். மாதம் ஒன்பதாயிரம் பேர் வருவதாக அறிக்கை அனுப்புகிறார்கள். ஆனால் தளத்தைப் பார்த்து அழைத்தவர்கள் மாதம் இரண்டு, மூன்று பேர்தான். வருகிறவர்கள் பத்து செக்கன்கூட நிற்பதில்லை. அவர்களை நிற்க வைக்க ஒரு சாட் பெட்டி, தளம் திறந்ததும் எழும்பி வரும் சலுகை அறிவிப்பு, முகப்பில் ஓடும் வீடியோ எல்லாம் போட வேண்டுமாம். அதற்குத் தனிக் காசு. போடலாமா? அப்பா ‘வீண் செலவு, மூடிவிடு’ என்கிறார். அறிக்கையும் தள முகவரியும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

வாசகர், கொழும்பு 13

பதில்:

தம்பி, போட வேண்டாம். அப்பா சொல்வதில் பாதி சரி. ஆனால் மூடவும் வேண்டாம்.

அறிக்கையின் முதல் பக்கத்தில் ஒன்பதாயிரம் என்ற எண்தான் பெரிதாக நிற்கிறது. நான் அதைத் தாண்டி நாலாவது பக்கத்துக்குப் போனேன். எந்தக் கட்டுரைக்கு, எந்த நாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்ற அட்டவணை அங்கேதான் இருக்கிறது. பத்தில் எட்டுப் பேர் வருவது ‘தையல் இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் யார்?’ என்ற ஒரே கட்டுரைக்கு. அவர்களில் பெரும்பாலானோர் இருப்பது தமிழ்நாட்டில். தேடிய சொற்களையும் பார்த்தேன்: ‘தையல் இயந்திரம் கட்டுரை’, ‘தையல் மெஷின் கண்டுபிடித்த ஆண்டு’. எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். மதுரையில் ஒரு பிள்ளை நாளைக்கு ரீச்சரிடம் காட்ட வேண்டிய ஒரு பக்கக் கட்டுரைக்காக உங்கள் தளத்துக்கு வருகிறது, பெயரையும் வருடத்தையும் கொப்பியில் எழுதிக்கொண்டு போய்விடுகிறது. அது பத்து செக்கனில் போனதில் ஒரு பிழையும் இல்லை. அந்தப் பிள்ளையிடம் பழுதான மெஷின் கிடையாது. இருந்தாலும் கப்பலில் ஏற்றி இரண்டாம் குறுக்குத் தெருவுக்கு அனுப்பப் போவதில்லை.

சொல்லச் சங்கடம்தான், அந்தக் கட்டுரையே பிழை. ஐசக் சிங்கர் கண்டுபிடித்தார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பிரான்சில் திமோனியே 1830இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். அமெரிக்காவில் எலியாஸ் ஹோ வாங்கியது 1846இல். சிங்கர் வருவது அதற்குப் பிறகு, 1851இல். முப்பது வருடம் மெஷினைக் கழற்றிப் பூட்டிய மனிதரின் கடைப் பெயரில் இப்படி ஒரு பிழை நிற்கக் கூடாது. அதை முதலில் திருத்துங்கள். கட்டுரையை அழிக்கத் தேவையில்லை, இருந்துவிட்டுப் போகட்டும். அதே மாதிரி மாதம் நாலு வேண்டாம், அவ்வளவுதான். யார், எப்போது, எங்கே என்ற கேள்விகளுக்குக் கூகுளே பலவேளை பதிலை மேலே எடுத்து வைத்துவிடுகிறது. இன்றைக்கு வருகிற பிள்ளைகளும் நாளைக்கு உங்கள் தளம்வரை வர வேண்டியிருக்காது.

ஆகவே ஆட்களை எப்படி நிற்க வைப்பது என்ற கேள்வியை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். தவறான கூட்டத்துக்குத் தேத்தண்ணி கொடுத்து இருக்க வைத்தால் கடையில் நெரிசல்தான் மிஞ்சும். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. சில வருடங்களுக்கு முன் வெள்ளவத்தைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துக்குத் தள வேலை செய்தேன். சுபமுகூர்த்த நாட்களின் பட்டியலை ஏற்றினேன். ஆட்கள் குவிந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வந்தவர்கள் நாட்காட்டி பார்க்க வந்தவர்கள், மண்டபம் ஏற்கெனவே வேறு எங்கோ எடுத்துவிட்டவர்கள். மண்டபக்காரர் ஒருநாள் கேட்டார்: “தம்பி, நான் மண்டபம் நடத்துறனா, பஞ்சாங்கம் நடத்துறனா?” பிறகு அவருக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் என்னென்ன கேட்கிறார்கள் என்று விசாரித்தேன். மணவறை வைத்தால் எத்தனை கதிரை போடலாம், வெளியிலிருந்து சமையல்காரரைக் கொண்டுவரலாமா, வாகனம் எங்கே விடுவது. இந்த மூன்றுக்கும் பதில் சொல்லும் ஒரு பக்கம் போட்டோம். வருகை பல மடங்கு குறைந்தது. அழைப்பு கூடியது.

உங்கள் கடைக்கும் அதே வைத்தியம்தான். ஒரு கொப்பி வாங்கிப் போன் பக்கத்தில் வையுங்கள். இரண்டு கிழமைக்கு, அழைக்கிறவர்களும் மெஷினைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களும் முதல் வாக்கியமாக என்ன சொல்கிறார்களோ அதை அப்படியே எழுதச் சொல்லுங்கள். அப்பா ‘டென்ஷன் கோளாறு’ (நூல் இறுக்கத்தில் கோளாறு) என்று சுருக்கி எழுதிவிடுவார், விடாதீர்கள். “அடியில நூல் குவியுது”, “ரெண்டு தையலுக்கு ஒருக்கா நூல் அறுகுது”, “இடையிடையே தையல் விழுகுதில்லை”, “சில்லு சுத்துது, ஊசி இறங்குதில்லை”, “அம்மம்மாவின்ர மிதி மெஷினுக்கு மோட்டார் பூட்டலாமோ?” தேடுகிறவர்களும் இப்படித்தான் தேடுவார்கள். கோளாறின் பெயர் தெரிந்திருந்தால் அவர்களே சரிசெய்திருப்பார்கள்.

கொப்பியோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கூகுளின் சேர்ச் கொன்சோல் இருக்கிறது, இலவசம். உங்கள் தளம் எந்தெந்தச் சொல்லுக்குத் தேடலில் தலைகாட்டியது, அதில் எத்தனை பேர் அழுத்தினார்கள் என்று பதினாறு மாதத்துக்குப் பின்னோக்கிக் காட்டும். நாட்டை இலங்கை என்று வடிகட்டுங்கள். ஒன்பதாயிரம் சில நூறாகச் சுருங்கும், பயப்படாதீர்கள். உங்கள் கடைக்கு வரக்கூடியவர்கள் அந்தச் சில நூறில்தான் இருக்கிறார்கள். பலமுறை தலைகாட்டியும் யாரும் அழுத்தாத சொற்களை முதலில் பாருங்கள். ஆட்கள் அதைத் தேடுகிறார்கள், உங்களிடம் அதற்கேற்ற பக்கம் இல்லை, அல்லது தலைப்பு சரியில்லை என்று அர்த்தம். உங்கள் முதல் பக்கத்தின் தலைப்பு இப்போது என்ன தெரியுமா? ‘முகப்பு’. தேடல் முடிவில் நீல எழுத்தில் ‘முகப்பு’ என்று நின்றால் எதை நம்பி அழுத்துவது? ‘தையல் மெஷின் திருத்துதல், புறக்கோட்டை, கொழும்பு 11’ என்று கடைப் பெயரோடு மாற்றுங்கள். ஐந்து நிமிட வேலை.

சரி, பக்கத்தை எப்படி எழுதுவது? ‘அடியில் நூல் குவிகிறது’ என்பதையே எடுத்துக்கொள்வோம். துணியின் அடிப்பக்கத்தில் நூல் குருவிக்கூடு மாதிரிச் சுருண்டு நிற்கும். பார்க்கிறவர்கள் அடிநூல் சுற்றியிருக்கும் பொபினில்தான் கோளாறு என்று அதையே கழற்றிக் கழற்றி மாட்டுவார்கள். பெரும்பாலும் கோளாறு மேல்நூலில். துணியை அழுத்திப் பிடிக்கும் காலைத் தூக்காமல் நூல் கோத்தால், நூலை இறுக்குகிற இரண்டு தட்டுகளும் மூடியபடியே இருக்கும். நூல் அவற்றுக்கு நடுவில் இறங்காமல் மேலோடு போய்விடும். பிடி இல்லாத நூல் கீழே இழுபட்டுக் குவிகிறது. காலைத் தூக்கி, நூலை முழுவதும் எடுத்துவிட்டு, மறுபடி கோத்தாலே பல மெஷின்கள் அந்த இடத்திலேயே சரியாகிவிடும்.

இதை முதல் மூன்று வரியில் சொல்லிவிட வேண்டும். ‘தையற்கலை மனித நாகரிகத்தின் தொன்மையான கலைகளுள் ஒன்றாகும்’ என்று ஆரம்பித்தால் நானும் ஓடிவிடுவேன். அடுத்து, அப்படியும் தீராவிட்டால் ஊசியைப் பார்க்கச் சொல்லுங்கள். வளைந்திருக்கிறதா, தட்டையான பக்கம் மாறிப் பூட்டியிருக்கிறதா, துணிக்கு ஏற்ற ஊசிதானா என்று. சாதாரண பருத்திக்கு 14ஆம் இலக்கம், டெனிமுக்கு 16. பிறகு பொபின் கேஸைக் கழற்றி, உள்ளே சேர்ந்திருக்கும் பஞ்சைத் துடைக்கச் சொல்லுங்கள். இவ்வளவும் செய்து முடிந்தும் குவிந்தால், ஊசியும் கீழே நூலைப் பிடிக்கும் கொக்கியும் நேரம் தவறிச் சந்திக்கின்றன என்று சந்தேகப்படலாம், அது வீட்டில் பார்க்கிற வேலை இல்லை, மெஷினைக் கொண்டு வாருங்கள் என்று எழுதுங்கள். அந்த இடத்திலேயே அழைக்கும் இலக்கம், எத்தனை நாள் எடுக்கும், கூலி எவ்வளவிலிருந்து ஆரம்பம். கூலியை எழுத அப்பா தயங்குவார். ‘பார்த்துத்தான் சொல்லலாம்’ என்பது உண்மைதான், ஆனால் ‘இவ்வளவு ரூபாவிலிருந்து, மிச்சம் பார்த்தபின், உங்களிடம் கேட்டுத்தான் கை வைப்போம்’ என்று எழுதலாமே.

அப்பாவின் கையைப் போனில் படம் எடுங்கள். மெஷினின் காலைத் தூக்கி நூலைத் தட்டுக்குள் இறக்குகிற ஒரு படம் போதும். இப்போது முகப்பில் இருக்கிறதே, வெள்ளைக்காரப் பெண்மணி சிரித்துக்கொண்டு தைக்கிற படம், அதே படத்தை நான் வேறு மூன்று தளங்களில் பார்த்துவிட்டேன். எண்ணெய்க் கறை படிந்த விரலும் உடைந்த பொபின் கேஸும் இருக்கிற படத்தை யாரும் வேறு எங்கும் பார்த்திருக்க முடியாது.

“எல்லாத்தையும் சொல்லிக் குடுத்தா ஆர் கடைக்கு வருவினம்?” என்று அப்பா கேட்பார் என்று எனக்குத் தெரியும், என் வாடிக்கையாளர் எல்லாரும் கேட்கிற கேள்வி. நூலை மறுபடி கோத்துச் சரியாகிறவர் எப்படியும் உங்களுக்குக் கூலி தரப் போவதில்லை. ஆனால் அடுத்த வருடம் மெஷின் இறுகி நின்றால், ஒரு சதமும் வாங்காமல் வழி சொன்ன கடைதான் அவருக்கு ஞாபகம் வரும். இப்படி எட்டு, பத்துப் பக்கம் இருந்தால் போதும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக இணைப்புக் கொடுங்கள். நூல் அறுகிற பக்கத்தில் ஊசி பற்றிய பக்கத்துக்கு, ஊசிப் பக்கத்திலிருந்து உதிரிப்பாகங்களுக்கு. ஆட்கள் நிற்பது இப்படித்தான், அவர்களுக்குத் தேவையான அடுத்த விஷயம் பக்கத்திலேயே இருந்தால்.

மொழி பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்ல வேண்டும், கொழும்பில் இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தளம் முழுக்கத் தமிழில் இருக்கிறது, சந்தோஷம். ஆனால் உங்கள் கடைக்கு மெஷின் கொண்டு வருகிறவர்களில் எத்தனை பேர் சிங்களம் பேசுகிறவர்கள்? ‘மஹன மெஷின்’ என்று தேடுகிறவருக்கு உங்களிடம் ஒரு வரிகூட இல்லை. சிங்களத்துக்குத் தனிப் பக்கம், தனி முகவரியில் போடுங்கள். மொழிபெயர்ப்புப் பொத்தானை வைத்துச் சமாளிக்க வேண்டாம். கடையில் வேலை செய்கிற சிங்களப் பையன் வாடிக்கையாளரோடு எப்படிப் பேசுகிறானோ அப்படியே எழுதச் சொல்லுங்கள். அடுத்தது, நம்முடைய ஆட்களே தமிழை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுகிறார்கள். அதற்காக அசிங்கமாக ஆங்கில எழுத்துத் தமிழில் பக்கம் எழுத வேண்டியதில்லை. கடைப் பெயர், ‘தையல் மெஷின் ரிப்பேர்’, புறக்கோட்டையின் ஆங்கிலப் பெயரான ‘பெட்டா’ மாதிரியான சில சொற்கள் ஒரு சின்ன ஆங்கிலப் பக்கத்தில் இயல்பாக வந்தால் போதும்.

தமிழ்ப் பக்கத்திலும் ஒரு கண்ணிவெடி இருக்கிறது. உங்கள் உதிரிப்பாக விலைப்பட்டியலைத் தொட்டு நகலெடுத்து என் வட்சப்பில் ஒட்டிப் பார்த்தேன். ஆங்கில எழுத்தும் புள்ளியும் கமாவுமாக ஏதோ வந்து விழுந்தது. அச்சகத்தில் துண்டுப்பிரசுரம் அடித்தபோது பாமினி எழுத்துருவில் தட்டிய பட்டியல் அது, அப்படியே தளத்துக்கு ஏற்றியிருக்கிறார்கள். பாமினியில் ‘தமிழ்’ என்ற சொல் கணினிக்கு ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு போர்த்தியிருப்பதால் நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிகிறது. கூகுளுக்கு எழுத்துரு தெரியாது, அந்த ஐந்து குறிகள்தான் தெரியும். ஆக, யாராவது ‘பொபின் கேஸ் விலை’ என்று தேடினால் உங்கள் பட்டியல் இந்த உலகத்திலேயே இல்லை. கணினியும் கூகுளும் தமிழாகவே படிக்கிற யுனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியபின் ஒருமுறை கண்ணால் சரிபார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

இதை எல்லாம் நான் பார்த்தது 100ஆம் இலக்க பஸ்ஸில், காலி வீதியில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு. உங்கள் வாடிக்கையாளரும் போனில்தான் பார்ப்பார், அதனால் வேண்டுமென்றே அப்படிப் பார்த்தேன். பம்பலப்பிட்டிச் சந்தியில் தளத்தைத் திறந்தேன். முகப்புப் படம் முழுதாக வருவதற்குள் பஸ் அடுத்த தரிப்பிடத்தில் நின்றுவிட்டது. அந்தப் படம் நாலு எம்பி, போன் திரைக்கு அதில் இருபதில் ஒரு பங்கு போதும். பக்கத்தின் முக்கியமான பகுதி இரண்டரை செக்கனுக்குள் தெரிந்துவிட வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கிற அளவு. படம் வந்தபிறகு இலக்கத்தை அழுத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை. இலக்கமே படத்துக்குள் எழுதப்பட்டிருக்கிறது! இலக்கத்தை மனப்பாடம் செய்து, வெளியே வந்து தட்டி அழைக்கிற பொறுமை யாருக்கு இருக்கிறது? அழைக்க ஒரு பொத்தான், மெஷினைப் படம் எடுத்து அனுப்ப ஒரு வட்சப் பொத்தான். இரண்டும் எழுத்தாக, திரையின் அடியில் எப்போதும் நிற்கட்டும்.

எழும்பி வரும் சலுகை அறிவிப்பைப் பற்றி ஒன்றே ஒன்று: போன் திரையை மறைக்கிற மாதிரி அறிவிப்பு வைக்கிற பக்கங்களைத் தேடலில் பின்தள்ளலாம் என்று கூகுள் 2017 ஜனவரியிலேயே நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. காசு கொடுத்துச் சூனியம் வைத்துக்கொள்ள வேண்டாம். சாட் பெட்டிக்குப் பதில் சொல்லக் கடையில் ஆள் இல்லை. வீடியோ, மேலே சொன்ன நாலு எம்பிக் கதைதான்.

பத்து செக்கன் விவகாரத்துக்கு வருகிறேன். வருகைகளைக் கணக்கெடுக்கும் கூகுளின் கருவியான அனலிட்டிக்ஸின் இப்போதைய பதிப்பு ஒரு வருகையை ஈடுபாடுள்ளது என்று எண்ண, ஆள் பத்து செக்கனுக்கு மேல் நின்றிருக்க வேண்டும், அல்லது இரண்டு பக்கம் பார்த்திருக்க வேண்டும், அல்லது முக்கியம் என்று நீங்கள் குறித்து வைத்த ஒரு செயலைச் செய்திருக்க வேண்டும். உங்கள் கணக்கில் எந்தச் செயலும் குறிக்கப்படவில்லை. தெமட்டகொடையில் ஒரு தையல்கார அக்கா, நாளைக்குக் கொடுக்க வேண்டிய பிளவுஸ் பாதியில் நிற்க, தளத்தைத் திறந்து எட்டாவது செக்கனில் அழைப்புப் பொத்தானை அழுத்துகிறார் என்று வையுங்கள். அறிக்கை அவரை நிற்காமல் போனவர் என்று எழுதும். உங்களுக்கு அந்த மாதத்திலேயே சிறந்த வருகை அதுதான். அழைப்புப் பொத்தானையும் வட்சப் பொத்தானையும் முக்கியச் செயலாகக் குறிக்கச் சொல்லுங்கள். இனி அறிக்கையில் அந்த இரண்டு எண்களை மட்டும் கேளுங்கள்.

தளத்தைவிட அவசரமான ஒன்று கூகுள் வரைபடம். ‘பக்கத்தில் தையல் மெஷின் திருத்தும் இடம்’ என்று தேடுகிறவருக்கு முதலில் வருவது வரைபடமும் மூன்று கடைகளும்தான். தேடலுக்கு எவ்வளவு பொருத்தம், எவ்வளவு தூரம், எவ்வளவு பேர் பெற்ற கடை என்ற மூன்றையும் பார்த்துத்தான் வரிசை அமைகிறது. உங்கள் கடைக்கு அங்கே கணக்கே இல்லை. இதுவும் இலவசம், உரிமையை உறுதிப்படுத்த வேண்டியதுதான். ஊசிக்குறியைச் சரியாகக் கடை வாசலில் வையுங்கள், புறக்கோட்டைச் சந்துகளில் இருபது யார் தூரம் தள்ளிப் போனாலும் ஆள் வேறு தெருவில் நின்று திட்டுவார். ‘சம்மாங்கோட்டுப் பள்ளியைத் தாண்டி’ என்று வழி எழுதுங்கள், இரண்டாம் குறுக்குத் தெருவில் அதைத் தெரியாதவர் இல்லை. வெளியூர்க்காரருக்காகச் ‘சிவப்புப் பள்ளிவாசல்’ என்றும் போடுங்கள். போயா (பௌர்ணமி விடுமுறை) நாட்களில் மூடுவதாக இருந்தால் அந்தந்த மாதம் சிறப்பு நேரமாகக் குறியுங்கள். பாரமான மெஷினைத் தூக்கிக்கொண்டு முச்சக்கர வண்டியில் வந்து பூட்டிய கதவைப் பார்த்தவர் எழுதப்போகிற விமர்சனத்தை நான் சொல்லத் தேவையில்லை. வேலை முடிந்து மெஷினை எடுக்க வருகிறவரிடம் இரண்டு வரி எழுதச் சொல்லிக் கேளுங்கள். காசுக்கு வாங்காதீர்கள்.

நிறுவனத்தின் பற்றுச்சீட்டில் ‘இருநூறு கீவேர்ட் சேர்த்தல்’ என்று ஒரு வரி இருக்கிறது. கீவேர்ட் என்றால் ஆட்கள் தேடும் சொல். பக்கத்தின் உள்ளே மறைவாக எழுதும் அந்தக் கீவேர்ட் பட்டியலைத் தான் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009இல் சொல்லிவிட்டது. அடிப்பகுதியில் பருத்தித்துறை முதல் தேவேந்திரமுனை வரை எல்லா ஊர்ப் பெயரும் வரிசையாக நிற்கிறது. அதை எடுத்துவிடுங்கள், இப்படி அடுக்குவது கூகுளின் விதிப்படி குப்பை. வத்தளை, தெஹிவளை என்று உண்மையிலேயே ஆட்கள் வருகிற இரண்டு, மூன்று ஊர்களை வசனத்தோடு வசனமாகச் சொன்னால் போதும்.

கட்டுரை வேலையை நிறுத்துவதாக அவர்களிடம் சொல்ல முன், ஒரு காரியம் செய்யுங்கள். தளத்தின் முகவரி யாருடைய பெயரில் பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள். உங்கள் அப்பாவின் பெயரில் இல்லாமல் அவர்கள் பெயரில் இருந்தால், முதலில் அதை மாற்றி வாங்குங்கள். அனலிட்டிக்ஸுக்கும் சேர்ச் கொன்சோலுக்கும் உங்கள் மின்னஞ்சலை உரிமையாளராகச் சேர்க்கச் சொல்லுங்கள். எல்லாம் கைக்கு வந்தபிறகு, சிரித்த முகத்தோடு கணக்கை முடித்துக்கொள்ளலாம். கொப்பியில் இரண்டு கிழமை எழுதி முடிந்ததும் அதைப் படம் எடுத்து அனுப்புங்கள், எந்தப் பக்கத்தை முதலில் எழுதுவது என்று பார்ப்போம்.